நூலகத்துச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வரலாற்று அலமாரிக்கு நேர் மேலே கூரை ஒழுகும். ஐப்பசி பிறந்ததும் நூலகர் அம்மா பச்சை பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொண்டுவந்து அலமாரிக்கும் நாளிதழ் மேசைக்கும் நடுவில் வைத்துவிடுவார். அலமாரியின் தலையில் பழைய புத்தகத் திருவிழா ஃபிளெக்ஸ் பேனரை நாலாக மடித்துப் போர்த்தியிருக்கிறார். மூன்று மழைக்காலமாக இதுதான் ஏற்பாடு. அப்படியும் கீழ்த்தட்டில் சில புத்தகங்கள் ஊறி, அப்பளம்போல நெளிந்துவிட்டன.

ஒரு கொத்தனாரும் இரண்டு மூட்டை சிமென்ட்டும் போதும் என்கிற வேலை ஏன் நடக்கவில்லை? கட்டடம் நகராட்சியுடையது. நூலகரும் மேசை நாற்காலியும் மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சேர்ந்தவர்கள், சேர்ந்தவை. அலமாரிக்கு எந்தப் புத்தகம் வர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சென்னையில் இருக்கும் பொது நூலக இயக்ககம் முடிவு செய்கிறது. ஓட்டை மட்டும் யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆணைக்குழு நகராட்சிக்கு எழுதும். நகராட்சி, நிதி இல்லை என்று ஆணைக்குழுவுக்கே திருப்பி எழுதும்.

இதற்கிடையில் இரண்டு தெரு தள்ளி நகராட்சியே புதிதாக ஒரு ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ கட்டி முடித்துவிட்டது. தமிழ்நாட்டில் பல நகரங்களில் கடந்த சில ஆண்டுகளில் நகராட்சி நிர்வாகத் துறை இப்படிக் கட்டியிருக்கிறது. கண்ணாடிக் கதவு, கணினி, வைஃபை, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தனித்தனி மேசை. குறை சொல்ல ஒன்றுமில்லை, புத்தகம் கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர. பழைய இடத்தில் புத்தகமும் நூலகரும் உண்டு, கூரை இல்லை. புதிய இடத்தில் கூரை உண்டு, நூலகர் இல்லை.

இரண்டையும் சேர்த்து ஒரே நிர்வாகத்தில் விடச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று வாசகர் வட்டக் கூட்டத்தில் பேச்சு வந்தது. யாரிடம் விடுவது என்று கேட்டபோதுதான் நாலு பேர் நாலு பதில் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் பதில், இப்போது இருக்கிற ஆணைக்குழுவே. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1948ல் நிறைவேறி 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் விடாமல் வாதாடியவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்தை யாருடைய தயவிலும் விடக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தின் பலன்தான் நூலக வரி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், மொத்தத் தொகைக்கு மேலே பொடி எழுத்தில் அது இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. அரை ஆண்டுக்கு 1,500 ரூபாய் சொத்து வரி கட்டுகிற வீடு, கூடவே 150 ரூபாயை நூலகத்துக்கென்று தனியாகக் கட்டுகிறது. புத்தகத்தையே தொடாதவர்களும் கட்டுகிறார்கள்.

அந்த வரியைச் செலவு செய்ய மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு. சென்னை நகரத்துக்குத் தனி. அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் பெயரில் இருக்கிற மாவட்ட மைய நூலகம் அதன் தலைமையிடம். அரசு நியமிக்கிறவர்கள், உள்ளாட்சி அமைப்புகளிலிருந்து வருகிறவர்கள் என்று கலந்த குழு அது. மாவட்ட நூலக அலுவலர் அதன் செயலாளர். இந்த அமைப்பை வைத்துத்தான் தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட நூலகங்கள் நிற்கின்றன: மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம், நடமாடும் நூலகம். இத்தனை ஆழமாகக் கிராமம் வரைக்கும் போன வலை இந்தியாவில் பல மாநிலங்களுக்கு இன்னும் கனவுதான்.

அப்புறம் ஏன் கூரை ஒழுகுகிறது?

ஆணைக்குழுவுக்குச் சட்டம் கொடுத்த பிடிகள் ஒவ்வொன்றாகக் கை மாறிவிட்டன. முதலில் பணம். நூலக வரியை ஆணைக்குழு நேரடியாக வசூலிப்பதில்லை. மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் சொத்து வரியோடு சேர்த்து வசூலித்து, பிறகு ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லுக்குள்தான் எல்லாச் சிக்கலும். சம்பளம் கொடுக்கவே திண்டாடுகிற உள்ளாட்சி, கைக்கு வந்த நூலக வரியைக் கடைசியில்தான் நினைக்கும். நிலுவை கோடிக்கணக்கில் சேர்வதும், இயக்ககம் நினைவூட்டுக் கடிதம் எழுதுவதும், பத்திரிகையில் ஒரு செய்தி வருவதும், ஒரு பகுதி விடுவிக்கப்படுவதும் வருடாவருடம் நடக்கிற சடங்கு.

அடுத்தது புத்தகம். பதிப்பகத்தார் ‘லைப்ரரி ஆர்டர்’ என்பார்கள். ஒரு புத்தகத்துக்கு ஆர்டர் கிடைத்தால் மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கில் பிரதிகள் போகும். சிறு பதிப்பாளர் பலர் இதை நம்பித்தான் அச்சுக்கே கொடுக்கிறார்கள். ஆர்டர் வராத வருடம் அவர்களுக்கு மழை பெய்யாத வருடம். இந்த மொத்தக் கொள்முதலால் தமிழ்ப் பதிப்புலகம் பிழைத்திருக்கிறது, அதை மறுக்க முடியாது. 2024ல் வெளிப்படையான கொள்முதலுக்கென்று தனிக் கொள்கையும் இணையவழி விண்ணப்பமும் வந்தது நல்ல மாற்றம். ஆனால் எங்கள் ஊர் வாசகர் ஒருவர் கேட்கிற புத்தகம் எங்கள் நூலகத்துக்கு வருவதற்கு இதில் வழி மிகக் குறுகல். கல்லூரிப் பெண் ஒருத்தி தாவரவியல் நூல் ஒன்று வேண்டும் என்று பதிவேட்டில் இரண்டு வருடம் முன்பு எழுதினாள். பட்டம் வாங்கி வேலைக்கே போய்விட்டாள். அந்த வரி இன்னும் பதிவேட்டில் இருக்கிறது.

மூன்றாவது, குழு. உறுப்பினர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும்போது ஒரு தனி அலுவலர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஊர்க்காரர் உட்கார்ந்து கேள்வி கேட்கிற இடம் காலியாக இருக்கிறது. இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர், “அப்ப ஆணைக்குழுங்கிறதே போர்டுல மட்டும்தான் இருக்குன்றீங்க” என்றார். கொஞ்சம் அதிகப்படியான பேச்சு, ஆனாலும் மறுக்க எனக்கு உடனே வாய் வரவில்லை.

இரண்டாவது பதில், நகராட்சியிடமே கொடுத்துவிடுவது. கட்டடமும் அவர்களுடையது, வரியும் அவர்களே வசூலிக்கிறார்கள், நடுவில் எதற்கு இன்னொருவர்? வார்டு கவுன்சிலரைத் தெருவில் மடக்கிக் கேட்கலாம், மாவட்ட நூலக அலுவலரை அப்படி மடக்க முடியாது. ஓய்வுபெற்ற நகராட்சிப் பொறியாளர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். அவர் சொன்னார், “யாரு நடத்துனாலும் கக்கூஸ் அடைச்சா எங்ககிட்டதான் சார் வருவீங்க.”

தமிழில் இதற்குப் பெரிய உதாரணம் யாழ்ப்பாணம். 1930களின் தொடக்கத்தில் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துத் தொடங்கிய இலவச நூலகம் அது. 1934ல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறைக்கு மாறி, அடுத்த ஆண்டே நகர நிர்வாகத்தின் கைக்குப் போனது. பின்னர் மாநகர சபை அதைத் தன் பெருமையாகவே எடுத்துக்கொண்டது. புதுக் கட்டடத்துக்குப் பணம் சேர்க்கக் களியாட்ட விழா நடத்தினார்கள், அதிர்ஷ்டச் சீட்டு விற்றார்கள். ரங்கநாதனை வரவழைத்து யோசனை கேட்டார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டுத் தந்தார். 1959 அக்டோபர் 11ஆம் தேதி மேயர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். 1981ல், மே 31 இரவு தொடங்கி அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 புத்தகங்களும் ஏடுகளும் போயின. அந்தத் தீயை எந்த நிர்வாக முறையாலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த நகரம் அந்த இழப்பை இன்றுவரை தன் வீட்டுச் சாவாகப் பேசுவதற்குக் காரணம், அந்த நூலகத்தை அது சீட்டு வாங்கிக் கட்டியது என்பதும்தான். துறை கட்டித் தருகிற நூலகத்தின் மேல் அப்படி ஒரு உரிமை வருவது சிரமம்.

அதே யாழ்ப்பாணத்தில் மறுபக்கமும் உண்டு. புனரமைத்த கட்டடத்தை 2003 பிப்ரவரியில் திறப்பதாக இருந்தபோது நகரத்தின் அரசியல் இழுபறியில் அது சிக்கியது. உறுப்பினர்கள் பதவி விலகினார்கள், திறப்பு தள்ளிப்போனது. வாசகர்கள் உள்ளே போக 2004 ஆகிவிட்டது. சபை கையில் இருக்கும் நூலகம் சபையின் சண்டையிலும் பங்கெடுக்கும்.

நம் பக்கத்தில் அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறொன்று. சபையே இல்லாமல் போவது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973ல் கலைக்கப்பட்டது, அடுத்த தேர்தல் 1996ல். மறுபடி 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கவுன்சிலரைத் தெருவில் மடக்கலாம் என்கிற வாதம், கவுன்சிலர் இருந்தால்தான் செல்லும். குப்பை, குடிநீர், தெருவிளக்கு, நூலகம் என்று ஒரு வரிசை போட்டால் நூலகம் எங்கே நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. நூலக வரி நிலுவையே அதற்குச் சாட்சி. தன்னிடம் ஒப்படைத்த பத்து பைசாவைக் கைமாற்றத் தயங்குகிறவரிடம் பெட்டியையே கொடுக்கச் சொல்கிறது இந்த யோசனை.

மூன்றாவது பதில் சொன்னவர் ஒரு கல்லூரி மாணவர். “அண்ணா நூலகம் மாதிரி நேரா கவர்மெண்டே நடத்தட்டுமே” என்றார். கோட்டூர்புரத்தைப் பார்த்தவர் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். 2010 செப்டம்பர் 15ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், எட்டு ஏக்கர், தரைத்தளத்துக்கு மேல் எட்டுத் தளம், பார்வையற்றோருக்குத் தனிப் பிரிவு, சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனி இடம். 2023 ஜூலை 15ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். மேலிடத்தில் ஒருவர் நினைத்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு இரண்டும் அத்தாட்சி. எந்த மாவட்ட ஆணைக்குழுவும் நூறு வருடம் வரி சேர்த்தாலும் அப்படி ஒன்றைக் கட்டாது.

ஆனால் அந்தத் தம்பிக்கு 2011 நினைவில்லை, அப்போது சின்னப் பையனாக இருந்திருப்பார். ஆட்சி மாறி, திறந்து பதினான்கு மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில், நவம்பரில் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நூலகத்தை நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கிற டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றிவிட்டு, இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப் போவதாகச் சொன்னது. வாசகர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள், தடை வந்தது. கட்டடம் தப்பியது. அதற்குப் பிறகும் சில வருடங்கள் பராமரிப்புக்காகவும் நிரப்பப்படாத பணியிடங்களுக்காகவும் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. அதே காலத்தில் அதே நகரத்தில் ஆணைக்குழுவின் கிளை நூலகங்கள் வழக்கம்போல, அரைகுறையாக, காலையில் திறந்து மாலையில் மூடிக்கொண்டிருந்தன. அவற்றை மருத்துவமனையாக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரே கையெழுத்தில் வந்ததை இன்னொரு கையெழுத்து எடுத்துவிடலாம். சட்டமும் வரியும் சேர்ந்து கொண்டுவந்ததை எடுக்கச் சட்டமன்றம் வரைக்கும் போக வேண்டும். நான் ஆணைக்குழுப் பக்கம் சாய்வதற்கு இந்த ஒரு வித்தியாசமே முக்கால் காரணம்.

இங்கே சென்னையின் கன்னிமாரா நூலகத்தையும் சொல்ல வேண்டும். அதுவும் அரசு நேரடியாக நடத்துவதுதானே என்று அந்தத் தம்பி விடாமல் கேட்டார். 1896ல் திறந்தது, 1950ல் மாநில மைய நூலகமானது, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஒரு பிரதி சேர வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று. அதற்குப் பின்னால் இரண்டு சட்டம் இருக்கிறது. தவிர, அது தேசத்துக்கான வைப்பகம். நம் கேள்வி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நூலகத்தைப் பற்றியது.

நாலாவது யோசனை சொன்னவர் பாலக்காட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். அரசும் வேண்டாம், நகராட்சியும் வேண்டாம், வாசகர்களே நடத்தட்டும். கேரளத்தில் அப்படித்தான் நடக்கிறது. 1945ல் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைக் கூட்டி ஆரம்பித்த சங்கம் பிற்பாடு மாநிலம் முழுக்கப் பரவியது. 1977ல் அதை அரசு எடுத்துக்கொண்டது. 1989ல் சட்டம் வந்து, தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று மூன்று அடுக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட நூலக கவுன்சில்கள் அமைந்தன. ஒவ்வொரு நூலகமும் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம். எத்தனை புத்தகம், எத்தனை வாசகர், என்ன நிகழ்ச்சி என்று பார்த்துத் தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்ப மானியம் கொடுக்கிறார்கள். அங்கேயும் கட்டட வரியோடு ரூபாய்க்கு 5 பைசா நூலக வரி உண்டு. நம்மைவிடப் பாதி வரியில் நம்மைவிடக் கூடுதல் நூலகம்.

கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. நூலகர் பலருக்குச் சம்பளம் என்று சொல்ல முடியாது, மதிப்பூதியம்தான். சாயங்காலம் திறக்க ஊரில் நாலு பேர் தினமும் நேரம் ஒதுக்க வேண்டும். கவுன்சில் தேர்தலில் கட்சிகள் வந்து நிற்கும். அந்த மண்ணில் வாசக சாலை என்பது அரசியல் இயக்கங்களோடு சேர்ந்தே வளர்ந்தது, அதைப் பெயர்த்து வேறு ஊரில் நட்டால் வேர் பிடிக்குமா என்று தெரியாது. எங்கள் வாசகர் வட்டத்தில் முப்பத்தாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். மாதக் கூட்டத்துக்கு வருவது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் தேநீருக்கு வருகிறார்கள் என்பது எங்களுக்குள் தெரிந்த விஷயம்.

சிங்கப்பூரையும் ஒருவர் இழுத்தார். எல்லா விவாதத்திலும் ஒருவர் இழுப்பார். 1995ல் அமைத்த தேசிய நூலக வாரியம் அமைச்சகத்தின் பணத்தில், ஆனால் தன் சொந்த நிர்வாகத்தில் நடக்கிறது. வணிக வளாகத்துக்குள் நூலகம் வைத்தார்கள், நல்ல தமிழ்த் தொகுப்பும் வைத்திருக்கிறார்கள். வாரியம் என்பதால் அரசியல் தொடாது என்று நினைக்க வேண்டாம். 2014ல் சிறுவர் நூல்கள் மூன்றை எடுத்தபோது பெரிய சர்ச்சை ஆகி, அமைச்சர் தலையிட்ட பிறகு இரண்டு நூல்கள் பெரியவர்கள் பகுதிக்குப் போயின. மூன்றாவது அதற்கு முன்பே கூழாகிவிட்டது. மற்றபடி, ஒரு நகரமே நாடாக இருக்கிற இடத்தின் கணக்கு நமக்குப் பொருந்தாது.

ஆக, எங்கள் ஊருக்கு என்ன? நான் ஆணைக்குழுவுக்குத்தான் கை தூக்கினேன், ஆனால் இப்போது இருக்கிறபடியே அல்ல. புதிய கட்டடம் நகராட்சி பெயரிலேயே இருக்கட்டும், பராமரிப்பும் மின்கட்டணமும் அவர்கள் பொறுப்பு என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். ‘கூரை’ என்ற சொல் அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று நானே சொன்னேன். நூலகரும் புத்தகமும் ஆணைக்குழுவிடம். நூலக வரி வசூலாகும்போதே, இணையத்தில் கட்டுகிற நிமிடத்திலேயே, பிரிந்து நேராக ஆணைக்குழுக் கணக்குக்குப் போகட்டும். இப்போது பெரிய நகரங்களில் சொத்து வரியை மக்கள் கைபேசியில்தான் கட்டுகிறார்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. புத்தகத் தொகையில் ஒரு சிறு பங்கையாவது கிளையிலேயே, வாசகர் பதிவேட்டைப் பார்த்து வாங்க விட வேண்டும். ஆணைக்குழு உறுப்பினர் பட்டியலை நூலக வாசலில் ஒட்ட வேண்டும், காலி இடம் இருந்தால் ‘காலி’ என்றே ஒட்ட வேண்டும்.

பொறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. “ரெண்டு ஆபீஸ் இருக்கிற வரைக்கும் ஃபைல் நடுவுலதான் கிடக்கும் சார், ஒப்பந்தம் போட்டா அந்த ஒப்பந்தமும் ஒரு ஃபைல்தான்” என்றார். முப்பது வருடம் அந்த ஃபைல்களைத் தள்ளியவர், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஒரே கையில் இருந்தால் வேலை நடக்கும் என்பது அவர் அனுபவம். ஒரே கையில் இருந்தால் ஒரே நாளில் போகவும் போகலாம் என்பது என் பயம். நூலகர் அம்மா கடைசிவரை பேசாமல் இருந்தார். எழுந்து போகும்போது மட்டும், “யார்கிட்ட குடுத்தாலும் சரி சார், புது பில்டிங்ல எனக்கு ஒரு உதவியாளர் போஸ்ட் கேளுங்க, நான் ஒருத்தியா ரெண்டு மாடி பாக்க முடியாது” என்றார். அதையும் மனுவில் சேர்த்தோம்.

ஏழு பேர் என் பக்கம், இரண்டு பேர் நகராட்சிப் பக்கம். மனுவை மூன்று இடத்துக்கு அனுப்பினோம். பதினெட்டு நாளில் முதல் பதில் நகராட்சியிலிருந்து வந்தது, ஒரே வரி: “தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.”